நக்லா குமிழியைப் பொருத காதை

நீரை இரு கூறாக்கத் துணிந்த நெஞ்சுரம் வாழ்க; நைல்கரை அஸ்யூத் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் வெள்ளங்கிக் கவசம் பூண்டு வீற்றிருக்கும் நக்லாவின் கொற்றம் வாழ்க.

மயிரிழையை ஆயிரம் கூறிட்டாலும் எட்டாத நுண்மையில் கோபால்ட் ஆக்சைடுத் துகள் சமைத்து, பசை சேர்த்து மையாக்கி, மிளகளவு அகன்ற கரிமுனையின் முகத்தில் திலகமென இட்டு உலர்த்தியவள் அவள். "பசை மிகுந்தால் துகளின் வீரம் மறையும்" என்று பறைசாற்றி, ஏனையோர் இரு சொட்டு இடுமிடத்தில் ஒரு சொட்டே இட்ட துணிவும் அவளுடையதே.

கூடத்தில் மின்னளவி ஒன்று. அதை ஆள முறைவைத்துக் காத்திருப்போர் எழுவர். நக்லாவின் ஆட்சி நண்பகலோடு முடியும். அதற்குள் அரை மணி நேரம் நடுங்காத மின்னோட்டக் கோடு ஒன்று திரையில் எழுந்தால் மாலையில் ஆய்வேட்டை ஒப்படைக்கலாம். எழாவிட்டால் அடுத்த பருவம்தான்.

காரநீர்க் கலத்தில் முனை இறங்கியது. நீர் பிளந்தது. பிளந்த நீரிலிருந்து பிறந்த உயிர்வளிக் குமிழி ஒன்று, ஈன்றவளையே எதிர்க்கும் இளவரசன்போல் கரிமுனையின் முகத்தை மூடி அமர்ந்தது. சீராகச் சென்ற கோடு, யானை புகுந்த கரும்புத் தோட்டமாயிற்று. கலத்தைச் சாய்த்தாள், அசையவில்லை. கலக்கியைச் சுழற்றினாள், கொழுத்தது. மணி பதினொன்று இருபதைத் தாண்டியது.

அடுத்த முறைக்காரன் பஸ்யூனி, கையில் தாமிய்யா என்னும் பயற்றுவடை பொதிந்த, பாதி கடித்த ரொட்டியோடு வாசலில் சாய்ந்திருந்தான்.

"என்ன தக்தூரா, டாக்டரம்மா, குமிழி ஐயா இன்னும் எந்திரிக்கலையா?"

"உன் மூச்சு பட்டுத்தான் பெருக்குது, பாஷா. தள்ளி நின்னு தின்னு."

"தட்டிப் பாரேன். இங்க எல்லாரும் தட்டித்தான் பட்டம் வாங்கினோம்."

அந்தக் கூடத்தின் குலவழக்கம் அது: ஒட்டிய குமிழிக்கு விரல்முட்டியால் மூன்று தட்டு. நக்லா வலக்கை உயர்த்தினாள். முதல் தட்டில் கலம் அதிர்ந்தது. இரண்டாம் தட்டில் காரநீர் கடலெனக் கொந்தளித்தது. மூன்றாம் தட்டில் அரண் இழந்த வேந்தனாய்க் குமிழி பெயர்ந்து, மேலெழுந்து, வெடித்து மாண்டது. கோடு நிமிர்ந்தது, ஒரு கணம் நேராக ஓடியது, பின் பாழ்ங்கிணற்றில் விழுந்த கல்லெனச் சரிந்து அடியில் கிடந்தது.

குமிழி போன வழியே கறுப்புத் திலகமும் பெயர்ந்து, கலத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

பஸ்யூனி எட்டிப் பார்த்தான். "பசை எத்தனை சொட்டு விட்ட?"

நக்லா சுவரிலிருந்த பட்டியலில் அடுத்த செவ்வாய்க்கு எதிரே தன் பெயரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள்.