எல்லோருக்கும் ஒன்பது

ராஜாராம் நீட்டிய சீட்டைச் சிவபாண்டி இரண்டு தரம் படித்தான். மாப்பிள்ளை: மொக்கையன், திருமங்கலம். பெண்: மொக்கையன், திருமங்கலம். பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

"கை தவறி ஒரே ஜாதகத்த ரெண்டு பக்கமும் ஏத்திட்டேன் தம்பி. கம்ப்யூட்டராவது ஒரு வார்த்த கேக்க வேணாமா? அவருக்கு அவரையே கட்டி வச்சிருச்சு."

கே.கே. நகரில் இருந்த அந்தத் திருமணத் தகவல் மையத்தை ராஜாராம் விலைக்கு வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த சிவபாண்டி சீட்டை மூன்றாம் தரமும் படித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கே கல்யாணம்.

பெண், வாடிப்பட்டி தமிழ்வாணி. மதுரையில் எங்கோ கம்ப்யூட்டர் வேலை பார்த்து நின்றவள் என்றார்கள். பெண் பார்த்த அன்று அவள் ஒரு தரம் சிரித்தாள்; அதற்குமேல் இவன் எதையும் விசாரிக்கவில்லை. ஜோசியர் ஆறு பொருத்தம் சொன்ன வேறொரு பெண்ணை வேண்டாமென்ற அம்மா, இதே மையம் கொடுத்த ஒன்பதைப் பார்த்துத்தான் சம்மதித்தாள். மனுசன் தப்பாகப் பார்ப்பான், மிஷின் பார்க்காது என்பது அம்மாவின் கட்சி. அந்தச் சீட்டு மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது.

சோணையம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். பழைய முதலாளி காலத்திலிருந்தே மையத்தைக் கூட்டிப் பெருக்குபவள். அவன் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

டேட்டாபேஸுக்குள் ஆட்கள் எழுதிவைக்கும் சின்னச் சின்னக் கணக்குகளுக்கு ஃபங்ஷன் என்று பெயர். எந்த ஃபங்ஷன் என்னென்ன விவரம் வாங்குகிறது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது, எப்போது எழுதியது என்பதற்கெல்லாம் டேட்டாபேஸே ஒரு பட்டியல் வைத்திருக்கும். விவரங்களை வாங்கிக்கொண்டு எதையும் தொடாத சோம்பேறி எது என்று சிவபாண்டி அந்தப் பட்டியலிடமே கேட்டான்.

ஒரு பெயர் வந்தது: பொருத்தம். நட்சத்திரம், ராசி என்று பன்னிரண்டு விவரம் வாங்கி, ஒன்றைக்கூடப் பார்க்காமல், யார் வந்தாலும் ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தது. எழுதிய தேதி 2006 ஆகஸ்ட் பதினேழு. அம்மா அவன் ஜாதகத்தை இங்கே பதிந்ததற்கு மறுநாள்.

தன் ஜாதகம் வந்த மறுநாளேவா இந்த வினை என்று நொந்துகொண்டு, முறையான கணக்கை எழுதினான். இப்போது எல்லோருக்கும் பூஜ்யம் வந்தது.

"என்ன தம்பி, ஊருல ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகாது போலயே?"

"இருங்கண்ணே, பாக்குறேன்."

இந்தக் கணக்கைக் கூப்பிடுவது யார் என்று மறுபடி பட்டியலைக் கேட்டான். பிற்பாடு யாரோ மாற்றி எழுதிய, சீட்டு அச்சடிக்கும் ஃபங்ஷன், பெண்ணை மாப்பிள்ளை இடத்திலும் மாப்பிள்ளையைப் பெண் இடத்திலும் உட்காரவைத்திருந்தது. எப்படியும் ஒன்பதுதானே என்று இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. இடம் மாற்றினான். நாலு, ஏழு, ஐந்து என்று நியாயமான எண்கள் வந்தன.

அதோடு எழுந்து போயிருக்கலாம். கை கேட்கவில்லை. தன் பெயரையும் தமிழ்வாணி பெயரையும் கொடுத்தான்.

மூன்று.

ராஜாராம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அடடா. ஒங்களுக்கா?"

"அண்ணே, பழையபடி ஒம்போதாவே மாத்தி வச்சுட்டு வாரேன்."

"அப்ப மொக்கையனுக்கு நான் என்ன பதில் சொல்ல? தப்பான சீட்டு குடுத்த அம்புட்டு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்றதுதான் மரியாத. ஒங்க அம்மா நம்பர் என்ன தம்பி?"

சிவபாண்டிக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. மூன்றைக் கேட்டால் அம்மா மண்டபத்தையே ரத்து செய்துவிடுவாள். அந்த ஒரு சிரிப்பை இனி பார்க்கவே முடியாது என்று நினைத்ததும் அழுகை முட்டியது, அது கோபமாக வெளியே வந்தது.

"இத எழுதுனவன் மட்டும் என் கையில சிக்கட்டும்ணே. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்."

டீ கிளாஸை எடுக்க வந்த சோணையம்மாள் நின்றாள்.

"அவன் இல்ல தம்பி, அவ. அப்ப இங்க கம்ப்யூட்டர் பாத்த வாடிப்பட்டிப் பொண்ணு தமிழ்வாணி. ஒங்களுக்கும் அதுக்கும் மூணு வந்த அன்னைக்கு, ஒங்க போட்டாவையே பாத்துக்கிட்டு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்திருந்துச்சு. பெறகுதான் ஒத்த வரி அடிச்சுட்டு, சிரிச்சுக்கிட்டே சாப்பிடப் போச்சு."