ஏழாவது இல்லத்துக்கு என்ன கிரேடு?

சந்தனசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, முதியோர் இல்லத்துக் கழிப்பறைச் சுவரில் இருந்த சிவப்பு மணியை அழுத்தினார்.

அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை. வழுக்கி விழுந்தவர் மணியடித்தால் எத்தனை நொடியில் ஆள் வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. மலேசியாவின் தைப்பிங் நகராண்மைக் கழகத்தில் முப்பத்தோராண்டு சுகாதார அதிகாரியாக இருந்து, சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் ஏ, பி, சி என்று கிரேடு அட்டை ஒட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒட்டுவதற்குக் கடை இல்லாமல், சொந்த வீட்டுச் சமையலறையில் ஒன்றை ஒட்டினார். அது பி. அங்கே சமைப்பவர் எண்பத்து மூன்று வயதான அவருடைய தாயார் ரோசம்மா. சந்தனசாமிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் அடுப்படியையும் பார்த்துவிட்டு வந்தவர்.

ரோசம்மா இந்த வருஷம் இரண்டு தடவை விழுந்துவிட்டார். எந்நேரமும் கூடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தனசாமி ஆறு இல்லங்களைப் பார்த்தார். ஆறும் தேறவில்லை. அன்று காலையில்தான் தங்கை போன் செய்திருந்தாள்.

"அண்ணே, சனிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி அம்மாவ நான் ஜொகூருக்குக் கூட்டிட்டு வந்துருவேன்."

ஜொகூர் ஒரு நாள் பயணம். இந்த ஏழாவது இல்லமோ மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். தினம் மூன்று வேளையும் வந்து பார்க்கலாம். ஆனால் ஏ கிடைக்க வேண்டுமே? அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். திடீர்ச் சோதனைக்குப் போகும்போது போடுகிற மீன்பிடித் தொப்பி, காதுவரை இறங்கியிருந்தது.

பத்தொன்பதாவது நொடியில் கதவு திறந்தது. சக்கர நாற்காலியோடு இல்லத்து நர்ஸ், மிஸ்ஸி ஃபிலோமினா நின்றார்.

"உக்காருங்க அங்கிள்."

"எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா சோதிச்சுப் பாத்தேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. மணி அடிச்சவருக்கு பிரஷர் பாக்கணும். அது ரூலு."

ரூலை எதிர்த்துச் சந்தனசாமி ஒருநாளும் பேசியதில்லை. உட்கார்ந்தார். பிரஷர் நூற்று எழுபது காட்டியது.

"காலையில தங்கச்சி போன் பண்ணுச்சு. அதான்."

"நூத்தியறுபதுக்கு மேல போனா ரெண்டு மணி நேரம் படுக்க வச்சுப் பாக்கணும். அதுவும் ரூலு."

கிடைத்த நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? மிஸ்ஸி திரும்பி வந்தபோது சந்தனசாமி கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தார்.

"என்ன அங்கிள் தேடுறீங்க?"

"தூசி."

மிஸ்ஸியும் குனிந்து பார்த்தார். தூசி இல்லை. 'இல்லாத பொருளைத் தேடுகிறார்' என்று நோயாளிப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

கஞ்சி வந்தது. சந்தனசாமி சட்டைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் துடைத்துக் கிண்ணத்துக்குள் விட்டார். "அறுபத்திரண்டு டிகிரி. நல்லாருக்கு," என்றார்.

'கஞ்சிக்குக் காய்ச்சல் பார்க்கிறார்' என்று எழுதினார் மிஸ்ஸி.

"அங்கிள், இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். உங்க காலண்டர்தான் இன்னும் புதன்லயே நிக்கிது. ரெண்டு மார்க்கு போச்சு!"

'கோபம் வருகிறது' என்பதும் படிவத்தில் ஏறியது.

"இனிமே உங்களத் தனியா அனுப்ப முடியாது. வீட்டு ஆளு வந்து கையெழுத்துப் போடணும். வீட்ல யாரு இருக்கா?"

"அம்மா."

மிஸ்ஸி பேனாவை மூடினார். அறுபத்திரண்டு வயது முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவர் தோளைத் தடவிக் கொடுத்தார். "சரி சரி. அம்மா வருவாங்க."

மனம் நோகக்கூடாதே என்றுதான் அவர் சொன்ன எண்ணுக்குப் போன் செய்தார். மறுமுனையில் அம்மா எடுத்தபோது மிஸ்ஸிக்கே பிரஷர் ஏறியது.

அரைமணி நேரத்தில் ரோசம்மா டாக்சியில் வந்து இறங்கினார். கேட்டுக் காவலாளி பாக் அவாங், ரப்பர்த் தோட்டத்தில் தமிழரோடு வளர்ந்த மலாய்க்காரர், அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

"எங்க போடணும்மா கையெழுத்து?" என்று மிஸ்ஸியிடம் கேட்டுப் போட்டுவிட்டு, ரோசம்மா மகனைப் பார்த்தார். "கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேம்மா. இதக் கேளு. மணிக்குப் பத்தொம்பது செகண்டு. கட்டிலுக்கடியில ஒரு பொட்டுத் தூசி இல்ல. உள்ள வந்தவன லேசுல வெளிய விட மாட்டேங்கிறாங்க. காலண்டர் ஒண்ணுதான் குறை, நானே கிழிச்சுட்டேன். ஏ போடலாம்மா!" சந்தனசாமியின் குரல் தழுதழுத்தது. முப்பத்தோராண்டில் எந்தக் கடைக்காரரும் கேட்டறியாத குரல். "நீ இங்கயே வந்துரு. ஜொகூரெல்லாம் வேணாம். நான் தினம் மூணு வேளையும் வந்து பாத்துக்கறேன்."

தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரோசம்மா மெல்லத் திரும்பி, பாக் அவாங்கைப் பார்த்தார். பாக் அவாங் சந்தனசாமியின் வழுக்கைத் தலையை உற்றுப் பார்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்கம்மா, போன வாரம் நீங்களே வந்து உங்களுக்கு ரூம் எடுத்தப்ப, 'இவன மட்டும் கேட்டத் தாண்ட விட்டுராதீங்க'ன்னு ஒரு போட்டோ குடுத்தீங்கல்ல... அதுல இவரு தொப்பி போடலியே!"