பாலோடு பேசும் சாமி

வாடகைக் கூடத்தின் வாசலில் விடிந்ததிலிருந்தே கூட்டம். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் சுவரில் சாய்ந்தும் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்தும் தூங்கி வழிந்தார்கள். கொட்டக் கொட்ட விழித்திருந்தவை குழந்தைகள் மட்டும்தான்.

உள்ளே பாலோடு பேசும் சாமி வீற்றிருந்தார். குழந்தை ராத்திரி விழிக்கிறதா? ஊட்டியதைத் துப்புகிறதா? தாய்ப்பாலைக் குப்பியில் கொண்டுபோனால் போதும். காதில் வைத்துக் கேட்பார். பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேசாத பால், இவரிடம் மட்டும் வாய் ஓயாமல் புலம்பும்! தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றே: பாலில் தோஷம், பாலை நிறுத்து, சாமியின் நித்திரை மாவைக் கரைத்துக் கொடு. பிள்ளை தூங்கினால் மாவின் மகிமை. தூங்காவிட்டால் தாயின் பாவம். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் ஜெயம் சாமிக்கே.

வரிசையில் நின்ற தையல்காரிக்குப் போன வாரமே தீர்ப்பாகிவிட்டது. "உன் பால் விஷம்மா" என்றிருந்தார் சாமி. ஆறு மாதமாகப் பிள்ளைக்கு விஷமா ஊட்டினோம் என்று அவள் அழாத நாளில்லை. இன்று மாவு வாங்கிக்கொண்டு, இன்றோடு பாலை நிறுத்திவிடுவதாக முடிவு. மகள் பசியில் வீறிட்டபோது அவள் ரவிக்கை நனைந்தது. வெட்கத்தோடு துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அண்ணி, மாவு எங்க ஓடிடப்போகுது? முதல்ல நான் ஒரு குப்பி காட்டுறேன்" என்றாள் கூட வந்த நாத்தனார்.

நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. காதில் கருவியை மாட்டி ஒலி அனுப்புவாள். கேட்டவர் கை தூக்க வேண்டும். நடுவில் ஒலியே அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் கை தூக்குகிற ஆசாமிகளை நிறையப் பார்த்தவள்.

முறை வந்ததும் அவள் குப்பியை நீட்டினாள். "யாரோட பால்?" என்றார் சாமி.

"எங்க தெருவுலதான் சாமி. வரிசையில நிக்க அவங்களுக்குப் பொறுமை கிடையாது."

சாமி குப்பியைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். உச்சுக்கொட்டினார். "ஐயோ, என்னமா அழுகுது! இவ மாமியார எதிர்த்துப் பேசுறவ. எப்பப் பாத்தாலும் கண்ணாடி முன்னாடியே நிக்கிறா. பால் கெடாம என்ன செய்யும்?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அது எருமைப் பால் சாமி" என்றாள் நாத்தனார்.

பின்னாலிருந்து, அவள் கூட்டிவந்திருந்த பால்காரர் எழுந்தார். "நான்தான் கறந்தேன். ரொம்பச் சாதுங்க. கண்ணாடியெல்லாம் அது பாத்ததே இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்புற விழுந்தும் சாமிக்கு மீசையில் மண் ஒட்டவில்லை. "எருமைக்கும் பூர்வ ஜென்மம் உண்டு!" என்று அதட்டினார்.

"அப்ப கன்னுக்குட்டிக்கும் ரெண்டு பொட்டலம் மாவு குடுங்க. ராத்திரியெல்லாம் கத்துதாம்" என்றாள் நாத்தனார்.

கூடமே அதிர்ந்தது. தூங்கியவர்கள்கூட எழுந்து என்னவென்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்து நின்றவள் தன் குப்பியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் சாமி, மாவு மூட்டையை விட்டுவிட்டுப் பின்கதவால் கம்பி நீட்டிவிட்டார்.

தையல்காரி சிரிக்கவில்லை. அங்கேயே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மகளை மார்போடு அணைத்தாள். மகள் மடக் மடக்கென்று குடித்தாள். தாய்க்கு ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்கின.

"என் பாலையா விஷம்னான், பாவி! ஆனா மசிச்ச காய நாக்கால தள்ளிடறாளே?"

"இத்தனை நாள் உறிஞ்ச மட்டும் பழகின நாக்கு அண்ணி. கரண்டியக் கண்டா தள்ளத்தான் செய்யும். பாலும் குடுங்க, காயும் குடுங்க. மெல்லக் கத்துக்குவா."

அன்று ராத்திரியும் மகள் விழித்தாள், குடித்தாள், தூங்கினாள். பிள்ளைகள் ராத்திரியில் விழிப்பது நோயில்லை, தாய்மாரே. பெரியவர்கள் பட்டப்பகலில் புத்தியைத் தூங்கவைக்கிறோமே, மருந்து தேட வேண்டியது அதற்குத்தான்.