இடுக்கியைக் கண்டால் விடாதவன்

விளக்குவோர் என்றொரு இனம் உண்டு. குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவர்களிடையே அதிகம் தென்படும். எங்கள் தீவில் பத்துபஸ்தி என்ற ஊர்க்காரன் செந்தமிழனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். துணிக் கிளிப்போ சமையலறை இடுக்கியோ, இரண்டு கால் உள்ள எதைக் கண்டாலும் எடுத்து இரண்டு முறை அழுத்திப் பார்ப்பது அவனுடைய பல வருடப் பழக்கம். அழுத்தினான் என்றால் விளக்கம் வருகிறது என்று பொருள். வீடு காலியாகிவிடும்.

"பால் பொங்குது, இடுக்கியக் குடுடா!" என்பாள் அம்மா மரகதம்.

"இரும்மா, ஆபரேஷன்ல ரத்தத்த நிறுத்துற பைபோலார் ஃபோர்செப்ஸும் இப்படித்தான்..."

பால் காத்திருக்குமா?

அப்பா ராக்கப்பனுக்குக் கழுத்தில் கட்டி. மகன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன். நெஞ்சில் ஏற்கெனவே பேஸ்மேக்கர். ரத்தம் நிற்கக் கரண்ட் வைத்துத்தான் கருக்குவார்கள் என்று யாரோ சொல்லிவிட, மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. செந்தமிழனுக்கோ முகமெல்லாம் வெளிச்சம். இதற்காகத்தானே படித்தான்!

"மோனோபோலார்னா தீவு பூரா சுத்திப் போற திக்லிபூர் பஸ்ஸுப்பா. ஒரு முனையில ஏறுற கரண்ட், உடம்பு பூரா சுத்தி, தொடையில ஒட்டின தகட்டுல போய் இறங்கும். பைபோலார்னா படகுத்துறையில, இந்த ஜெட்டிக்கும் எதிர் ஜெட்டிக்கும் போற போட்டு. இடுக்கியோட இந்த முனையில ஏறி அந்த முனையில இறங்கிடும். பேஸ்மேக்கர் பக்கமே போகாது."

"டீக் ஹை, சரி. பஸ்ஸோ போட்டோ, ஆபரேஷன் அப்போ நீ உள்ள இருப்பியா?"

"இன்னொரு வசதி கேளுங்க. ஈரத்துலயும் வேலை செய்யும். பக்கத்து நரம்புக்குச் சூடு அவ்வளவா பரவாது..."

"அரே, நீ இருப்பியாடா?"

சொந்தக்காரருக்கு ஆபரேஷன் என்றால் அவன் உள்ளே நிற்கக் கூடாது. அது தியேட்டர் விதி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே விளக்கினான். சாப்பாட்டில் விளக்கினான், ஆட்டோவில் விளக்கினான், ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே நடந்து விளக்கினான். தியேட்டர் வாசலில் நர்ஸ் ஸ்வப்னாதான் அவன் கையை எடுத்துவிட்டாள்: "சோடோ பையா, அங்கிளை விடுங்க."

ராக்கப்பன் உள்ளே போனார். தலையை மட்டும் திருப்பி, பின்னால் மகன் வருகிறானா என்று பார்த்தார். கதவு மூடியது.

எல்லாம் நல்லபடி முடிந்தது. கரண்ட் ஏறிய இடத்துக்கு எதிரிலேயே ஒழுங்காக இறங்கியது. இப்போது பார்க்க வருகிறவர்களுக்கு ராக்கப்பனே அந்த பஸ், போட்டு கதையை விளக்குகிறார். முடித்ததும் மகனை ஒரு பார்வை. அவன் இடுக்கியைத் தேடுவான்.

சிரிக்கிறீர்களா? ஆம், இல்லை என்று முடித்துவிடக் கூடிய ஒன்றை உங்களிடம் யாராவது கேட்டு, நீங்கள் அரை மணி நேரம் பேசியதில்லையா? பைபோலாரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டபின் உங்கள் வீட்டு இடுக்கியும் பத்திரமில்லை.

செந்தமிழன் அப்பாவின் கேள்விக்குச் சொல்லவேண்டிய பாக்கி அப்படியேதான் நிற்கிறது. ஒரே ஒரு சொல்: "இல்லப்பா."