மோடத்துக்கு வாய்ப்பூட்டு

"அய்யோ, ஆரம்பிச்சிடுச்சு!" என்று பஞ்சு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பொத்தவேண்டியது குழந்தையின் காதை என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மேஜைமேல் கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் முதலில் நம்பர்களைக் கொறித்தது. பிறகு கிர்ரென்றது. பிறகு தகரத்தில் ஆணியால் கோடு இழுப்பதுபோல ஒரு கீச்சு. தொட்டிலில் இருந்த பாப்பா வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் மோடம் அடங்கிவிட்டது. பாப்பா அடங்கவில்லை.

"இப்பதாங்க கண்ணை மூடினா!" என்று மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நீதானே அக்காவுக்குப் பதில் போடணும்னு சொன்னே?"

"பதில் போடணும்னு சொன்னேன். ஊரைக் கூட்டணும்னு சொன்னேனா?"

அவளுடைய அக்கா கடல் தாண்டிய தேசத்தில் இருந்தாள். கடிதம் வந்து சேர்வதற்குள் குழந்தைக்குப் பல் முளைத்துவிடும் என்பதால்தான் இந்தக் கம்ப்யூட்டரே வீட்டுக்குள் வந்தது. இருந்தது ஒரே அறை. போன் வயர் வரும் மூலையில்தான் தொட்டில் தொங்கியது. தொட்டில் தொங்கக்கூடிய கொக்கியும் அந்த மூலையில் மட்டும்தான் இருந்தது.

பஞ்சு என்பது ஆபீஸ் வைத்த பெயர். நடையும் பேச்சும் அப்படி மெத்தென்றிருக்கும். குடை செய்யும் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. மானேஜர் அறைக்குள் போகவேண்டியிருந்தால், கதவைத் தட்டுவதற்கு முன் கதவிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்போல நிற்பார். சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் வீட்டில் இப்படி ஒரு பிராணி.

மறுநாள் மோடத்தின்மேல் தலையணையை வைத்து அமுக்கினார். சத்தம் குறையவில்லை, யாரையோ மூச்சுத்திணற வைத்தால் வரும் முனகலாக மாறியது. பாப்பா இன்னும் அதிகமாகப் பயந்தது. தலையணையிலிருந்து கருகல் வாசனையும் வந்தது.

அடுத்து, மோடத்தைப் பெரிய பித்தளை அண்டாவுக்குள் இறக்கித் தட்டைப் போட்டு மூடினார். அந்த அண்டா வாங்கிய நாளிலிருந்து காட்டாத திறமையையெல்லாம் அன்று காட்டியது. கட்டிடம் முழுக்க ஒரு ஓலம் எழும்பியது. மாடி வீட்டுக்காரர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?"

"ஒண்ணுமில்லைங்க… அண்டா," என்றார் பஞ்சு.

மாடி வீட்டுக்காரர் அண்டாவைப் பார்த்தார். அண்டாவுக்குள் போகும் வயரைப் பார்த்தார். பிறகு பஞ்சுவைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் நகர்ந்து, திரும்பாமலே படியேறிப் போனார்.

கடைசியில் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"இதுக்கா சார் இவ்வளவு அவஸ்தை? செட்டிங்க்ஸ்ல போய் நான் சொல்ற எழுத்தை அடிங்க. வாயைத் திறக்காது," என்றார் அவர்.

பஞ்சு ஒற்றை விரலால் அடித்தார். முதல் தடவை போன் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் அடித்துவிட்டார். "தப்பு சார், அதை அழிங்க!" என்று கடைக்காரர் கத்த, பயத்தில் எல்லாவற்றையும் அழித்தார். எழுத்தைச் சரியான கட்டத்தில் அடித்தார். இன்டர்நெட் கம்பெனி நம்பரை ஞாபகத்திலிருந்து மறுபடி அடித்தார்.

போனை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. மனைவி கணவனைக் கல்யாணமான புதிதில் பார்த்ததுபோலப் பார்த்தாள்.

"ஆனா லைன் கிடைக்கலையேங்க," என்றாள் பிறகு.

"கூட்டமா இருக்கும்."

அடுத்த நாளும் கிடைக்கவில்லை. மறுபடி கடைக்காரர். "கிடைக்கற வரைக்கும் தானா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்படி ஒரு வசதி இருக்கு சார். போட்டு விட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க."

போட்டு விட்டார். சாயங்காலமானால் மனைவி பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலைப் பார்ப்பாள். மோடம் மூச்சுக்காட்டாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். லைன் மட்டும் கிடைத்தபாடில்லை. சத்தமில்லாமல் இருப்பதே பெரிய விஷயம் என்று இருவரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் மானேஜரின் போக்கு மாறியது.

மானேஜர் ஆள் ஆறடி. குரல் அதற்குமேல். பஞ்சுவை இத்தனை வருஷமாக "யோவ்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அவர் ஒரு காலை நேராகப் பஞ்சுவின் மேஜைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. பஞ்சு எழுந்து நின்றார். கையிலிருந்த பசை டப்பா தரையில் உருண்டது.

"உட்காருங்க தம்பி, உட்காருங்க," என்றார் மானேஜர்.

தம்பியா? பஞ்சு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? குழந்தை நல்லாத் தூங்குதா?"

"தூ… தூங்குது சார்."

"கொடுத்து வெச்சவர். நான் தூங்கி நாளாச்சு." மானேஜர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு இங்க ஏதாவது குறை இருக்கா? மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. வாய்விட்டுச் சொல்லிடுங்க."

"ஒரு குறையும் இல்லை சார்!"

மானேஜரின் முகம் வெளுத்தது. அன்று மத்தியானமே பஞ்சுவின் மேஜைக்கு ஒரு மின்விசிறி வந்தது. அடுத்த நாள் புது நாற்காலி வந்தது. பஞ்சு அதன் நுனியில் உட்கார்ந்து, இது எதற்கான ஏற்பாடோ என்று வியர்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியால் அந்த வியர்வையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் கசிந்தது. மானேஜர் வீட்டுக்கு யாரோ மிரட்டல் போன் பண்ணுகிறார்களாம். பேச்சே கிடையாதாம். எடுத்தால் ஒரு 'பீப்'. கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி ஒரு 'பீப்'. வைத்தால் உடனே திரும்ப அடிக்குமாம். மானேஜரின் மனைவி வெடிகுண்டு என்று பயந்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"எவன் செஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவாங்க," என்றார் மானேஜரின் டிரைவர், தேநீரை ஆற்றிக்கொண்டே. "போலீஸ்ல சொல்லி, எந்த வீட்டுலேர்ந்து போன் வருதுன்னு பார்க்கப் போறாங்களாம். மாட்டினான்னா உள்ளதான்."

"பாவம், மானேஜர்," என்றார் பஞ்சு. இப்படியும் செய்வார்களா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சாயங்காலம் டிரைவர் வந்து நின்றார். "சார் உங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"என்னையா? எதுக்கு?"

"அவருக்குத் துணைக்காம்."

ஆபீஸில் இத்தனை பேர் இருக்க, பல்லி விழுந்தாலே மேஜைமேல் ஏறும் தன்னை எதற்குத் துணைக்குக் கூப்பிடுகிறார் என்று பஞ்சுவுக்கு விளங்கவில்லை. மாட்டேன் என்று சொல்லவும் பயம். காரில் ஏறினார்.

மானேஜர் வீட்டில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. கூடத்தின் நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் போன். பஞ்சு அந்த வீட்டுக்கு வருவதும் அந்தப் போனைப் பார்ப்பதும் அதுதான் முதல் தடவை.

"இங்க, என் எதிர்ல உட்காருங்க தம்பி. ரெண்டு கையையும் மேஜை மேல வெச்சுக்குங்க."

"கையா சார்?"

"எனக்குத் தெரியற மாதிரி."

பஞ்சு கைகளை வைத்தார். மானேஜரும் வைத்தார். டிரைவர் வாசலில் நின்றார். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் குழாய் சொட்டியதற்கே பஞ்சு இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தது.

மானேஜர் போனைப் பார்க்கவில்லை. பஞ்சுவின் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தை. பிறகு மறுபடி கைகளை.

"எடுங்க," என்றார் அடங்கிய குரலில்.

பஞ்சு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். பீப். உள்ளே யாரும் இல்லாத ஒரு பெரிய இருட்டிலிருந்து அது வந்தது. மௌனம். மறுபடி, பீப். பஞ்சு கண்ணைத் தாழ்த்தினார். போனின் நெற்றியில் அந்த வீட்டு நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்கேயோ பார்த்த நம்பர். இன்னொரு தரம் படித்தார். இன்டர்நெட் கம்பெனி நம்பரேதான்; கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறியிருந்தது.

அந்த நம்பரை ஞாபகத்திலிருந்து அடித்தது நினைவுக்கு வந்தது. இந்நேரம் மனைவி பொத்தானை அழுத்திவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்பதும் நினைவுக்கு வந்தது. வாய்ப்பூட்டு வீட்டுக்குள் மட்டும்தான்; லைனின் மறுமுனையில் மோடம் பீப் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

"யாரு தம்பி?"

"யா… யாருமில்லை சார்."

"உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு? உங்களுக்கும் பயமா இருக்கா?"

"ரொம்ப பயமா இருக்கு சார்!" அவர் வாழ்நாளில் இவ்வளவு மனதாரச் சொன்ன வார்த்தை வேறில்லை.

ஆச்சரியம், மானேஜர் பெருமூச்சு விட்டார். சிரிக்கக்கூடச் செய்தார். எழுந்து வந்து பஞ்சுவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"சரி, கிளம்பு. நீ வீட்டுக்குப் போய்யா!"

பஞ்சு பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. ஓடினார். வழியில் போலீஸ் ஜீப் ஒன்று கடந்தபோது ஒரு காய்கறி வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்தார். வீட்டுக்குள் பாய்ந்து போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"என்னங்க, பேய் அடிச்ச மாதிரி வர்றீங்க?"

"பேயே நாமதான்!" என்று சொல்லி, அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மனைவி கதவைத் தாழ்போட்டாள். வயரைத் திரும்ப மாட்டி, இருவருமாக நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்துத் திருத்தினார்கள். சத்தமில்லாமல் ஒரு நொடியில் லைன் கிடைத்தது. அக்காவிடமிருந்து வரிசையாகக் கடிதங்கள் வந்து விழுந்தன. ஏன் பதிலே இல்லை, ஏதாவது ஆபத்தா என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருந்தாள்.

"போய் உண்மையைச் சொல்லிடுங்க. வேணும்னு செய்யலையே," என்றாள் மனைவி.

மறுநாள் பஞ்சு பாடம் பண்ணிக்கொண்டு போய் மானேஜர் அறை வாசலில் நின்றார். "சார், அந்தப் போன் விஷயமா…"

"அதான் நின்னுடுச்சே. போலீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய் வேலையைப் பாருய்யா," என்றார் மானேஜர், நிமிர்ந்தே பார்க்காமல்.

பஞ்சுவுக்கு அழுகை வராத குறை. எவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தாயிற்று! திரும்பி வந்து பார்த்தால் மேஜைமேல் மின்விசிறி இல்லை. புது நாற்காலி இருந்த இடத்துக்குப் பழைய ஆடும் நாற்காலி வந்திருந்தது. போகட்டும், உயிர் இருக்கிறதே என்று அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சு வலியப் போய்ச் சிரித்தார்.

"எப்படியோ, உங்க சார் இனிமே நிம்மதியாத் தூங்குவாரு."

"ஆமா சார், ஆனா உங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு," என்றார் டிரைவர், துணியைப் பிழிந்துகொண்டே. "உங்களை மலைமேல இருக்கற குடோனுக்குத் தூக்கி அடிக்கறதுன்னு அவரு முடிவு பண்ண அன்னைக்குத்தான் முதல் போன் வந்துச்சு, நீங்கதான் மிரட்டறீங்கன்னு நடுங்கிப்போய் அதை அப்படியே நிறுத்தி வெச்சிருந்தாரு, நேத்து உங்க கை ரெண்டும் மேஜை மேல இருக்கும்போதே போன் அடிச்சதைப் பார்த்து நீங்க இல்லைன்னு தெரிஞ்சதும், காலையில டிரான்ஸ்பர் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாரு!"