திரைச்சீலையில் குடியிருக்கும் ஆறு கால் ஆசாமி பற்றி மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் ஒருவருக்கு ஆறு கால். அவரை முன்னிட்டு உங்கள் தங்கை நாளை அங்கே வந்து இறங்காமல் தடுக்கவே இக்கடிதம்.

நாலு மாதம் முன்பு மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியில், கொசு அளவில் ஒரு பச்சைப் பூச்சிக் குஞ்சு, செடியில் அப்பும் அசுவினிப் பேனைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. வங்கியில் முப்பத்தோரு வருடம் கையெழுத்துச் சரிபார்த்தவன் நான், யாரென்று தெரியாமல் விடுவேனா? கண்ணாடி ஜாடியில் வைத்து, நூலகப் புத்தகத்துப் படங்களோடு ஒப்பிட்டு, கும்பிடுபூச்சிதான் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் பார்த்தால் கும்பிடுபூச்சி செத்துத் தொங்குகிறது, பக்கத்தில் முன்பின் தெரியாத பெரிய பூச்சி ஒன்று ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் துடைத்துக்கொண்டிருக்கிறது. கொலை என்றே நினைத்தேன். எனக்குக் காப்பிகூட இறங்கவில்லை. உங்கள் தங்கைதான் எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டைய கழட்டிப் போட்டிருக்குங்க. உங்கள மாதிரியே, கண்ட இடத்துல" என்றாள். இப்படியே ஏழு சட்டை. ஏழு முறையும் நான் "மாதிரியுடன் ஒத்துப்போகவில்லை" என்று எழுதி, ஏழு முறையும் அந்த வரியை அடித்துத் திருத்தினேன்.

என்ன பூச்சி மச்சான் அது! அசையாமல் கைகூப்பி நிற்கும், ஈ வந்தால் கண் சிமிட்டுறதுக்குள்ள காரியம் முடிஞ்சிடும், அப்புறம் ஒரு பிசிறு விடாமல் கையைச் சுத்தம் பண்ணும். நான் பேசினா தலையைத் திருப்பி என்னையே பார்க்குது. இந்த வீட்டுல நான் பேசி யாரு திரும்பிப் பார்த்திருக்காங்க, நீங்களே சொல்லுங்க. ஜாடி போதாமல் ஜன்னல் திரைச்சீலையில் விட்டிருந்தேன். நேற்று அது உங்கள் தங்கையின் தோளில் போய் உட்கார்ந்துவிட்டது. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், அதுதான் பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. பூச்சியை வெளியே கொண்டுபோய் விடவும் மனசு வரவில்லை. ஒற்றை ஆண் பூச்சி, பெருகாது என்று நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஆண் என்பதை நானே சரிபார்த்துவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவள் கிளம்பப் பெட்டியை எடுத்துவிட்டாள். கைப்பிடியில் நுரை மாதிரி ஒரு முட்டைக்கூடு. பக்கத்தில் நான் சொன்ன ஆண் பூச்சி, களைத்துப்போய். தொலைந்தேன் என்று நின்றேன். அவளோ பெட்டியை மெல்ல இறக்கி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளை பெத்த உடம்பு, உங்க இருமல் சத்தம் ஆகாது. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாங்க" என்கிறாள். ஆகவே கடிதத்தைத் தபாலில் போடவில்லை; நாளை நானே கையில் கொண்டுவருகிறேன்.