ஊரைவிட்டுப் போகாத பெண்

கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பேச வேண்டிய ஆளைக் காணோம்.

விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, கடைசி வருட மாணவர்களைச் சொந்த மாநிலத்திலேயே தங்கி வேலை பார்க்கச் சொல்லி ஆன்லைன் கூட்டம் கேட்டிருந்தது. நடத்திக் கொடுப்பது புனேயின் வாகட் பகுதியில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் அகல்யா. கூட்டம் நல்லபடியாக முடிந்தால்தான் அவள் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் தேஜஸ் காலையிலேயே சொல்லிவிட்டான்.

ஊரிலேயே தங்கி முன்னுக்கு வந்தவன் என்று பேச ஒப்புக்கொண்டிருந்த கோகுல்நாத்தை ஒருவழியாகப் போனில் பிடித்தாள்.

"ஸாரிக்கா, போன வாரம் வேலை மாறிட்டேன். இப்ப உங்க புனேலயே, மகர்பட்டாவுலதான் இருக்கேன். நேர்லயே வந்துடவா?"

தேஜஸ் யோசிக்கவே இல்லை. நீயும் தமிழ்தானே, ஊரில் இருப்பதாகச் சொல்லிப் பேசிவிடு என்றான் இந்தியில்.

அது அவள் படித்த கல்லூரி. முதல்வர் ராமநாதனுக்கு அவள் முகம் ஞாபகம் இருந்தால் வேலை போச்சு. அதை அவள் தேஜஸிடம் சொல்லவில்லை. யாரிடமோ கண்ணாடி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

கேமராவில் அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மராத்தி போர்டு தெரிந்தது. திரையை இழுத்துவிட்டார்கள், முகம் இருட்டியது. மொட்டை மாடிக்குப் போனார்கள். டிசம்பர் குளிரில் பல் தந்தியடித்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வேறு பெயர் சொல்லிக் கூட்டத்தில் பேசத் தொடங்கினாள்.

"அக்கா, நம்மூர்ல ஸ்வெட்டரா?" என்றான் முதல் வரிசைப் பையன்.

"காய்ச்சல்."

எங்கே வேலை என்று கேட்டார்கள். தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் என்றாள். அங்கே ஆள் எடுக்கிறார்களா என்றார்கள். மாட்டார்கள் என்று சொன்னால் கூட்டமே வீண்.

"எடுப்பாங்க. நிறைய."

அரங்கம் அதிர்ந்தது. அப்படியானால் நாளைக்கே கல்லூரி பஸ்ஸில் எல்லோரும் வருகிறோம் என்றான் அதே பையன்.

நல்லவேளை, ராமநாதன் மைக்கை வாங்கினார். இப்படிப்பட்ட பிள்ளைகளை ஊர் விடவே கூடாது என்று முடித்துவைத்தார். கைதட்டல். தேஜஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே போனான்.

மாணவர்கள் கலைந்தார்கள். ராமநாதன் மட்டும் கேமரா பக்கம் குனிந்தார்.

"நல்லா பேசின, அகல்யா."

"சார்... தெரிஞ்சிடுச்சா?"

"தெரியாம என்ன? நீ சொன்ன அதே லேப்ல இடம் காலியா இருந்தும், இங்க வேலை இல்ல, புனே பக்கம் போய்ப் பாருன்னு நீ படிப்பு முடிச்ச அன்னிக்கு உன்னை நான் அனுப்பலன்னா, இன்னிக்கு ஊர்லயே இருங்கன்னு பேச எனக்கு யாரும்மா கிடைச்சிருப்பா?"